விஞ்ஞான ஆசிரியர் கண்ட யாழ்: விபுலாநந்த அடிகளின் வாழ்வு

1892ஆம் ஆண்டிலே தமிழுலகில் இரண்டு நிகழ்ச்சிகள் நிகழ்ந்தன. ஒன்று கற்றோர் பலர் அறிய நிகழ்ந்தது. மற்றது ஓர் ஊரார் மாத்திரமே அறிய நிகழ்ந்தது. அவ்வாண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிச் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றி வெளியிட்டார். அதே ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள், இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள காரைதீவு என்னுஞ் சிற்றூரில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் அதற்கு மயில்வாகனன் எனப் பெயரிட்டனர். அம்மகன் வளர்ந்து, விஞ்ஞானங் கற்று, துறவு பூண்டு, விபுலாநந்தர் என்னும் பெயருடன் அதே சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பௌதிகம் பயின்ற கண்ணோடு படித்து, தமிழர் மறந்துபோன ஒரு கருவியை மீண்டும் நம் முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

அடிகளாரை நாம் முத்தமிழ் வித்தகர் என்று போற்றுகின்றோம். துறவி என்று வணங்குகின்றோம். கவிஞர் என்று கொண்டாடுகின்றோம். அவர் விஞ்ஞானம் கற்றதையும் கற்பித்ததையும் சொல்லும்போது மாத்திரம், அது அவர் இளமையில் உடுத்துப் பின் களைந்துவிட்ட ஓர் ஆடை போலச் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். உண்மை அதுவன்று. அவர் வாழ்நாளின் இறுதி நூலிலே, அவருடைய தமிழ்ப் புலமை எத்துணை அளவிற்கு நிற்கின்றதோ அத்துணை அளவிற்கு அவருடைய கணிதமும் பௌதிகமும் நிற்கின்றன. கலையையும் விஞ்ஞானத்தையும் ஒரே மாணவனுக்கு ஊட்டுவது எவ்வாறு என்று கல்வியாளர் இன்று வினாவுகின்றனர். அவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கீழ்க்கரையிலே தொடங்கிய கல்வி

மயில்வாகனனுக்கு எழுத்தறிவித்தவர் காரைதீவிலே வாழ்ந்த குஞ்சித்தம்பி ஆசிரியர். ஊர்க் கல்வி முடிந்தபின் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1908ஆம் ஆண்டிலே, பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

அக்காலத்துக் கல்வியின் அமைப்பை நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும். ஈழத்திலே இருவகைக் கல்விகள் ஒன்றையொன்று பாராது நடைபெற்றன. ஒன்று ஆங்கிலக் கல்லூரிக் கல்வி. கணிதமும் இரசாயனமும் பௌதிகமும் அங்கே ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. பரீட்சைத் தாள் கடல் கடந்து வந்தது. மற்றது திண்ணைக் கல்வி. நிகண்டும் நன்னூலும் புராணமும் அங்கே வாய்ப்பாடமாக நிலைபெற்றிருந்தன. முன்னையதில் தேர்ந்தவருக்கு உத்தியோகம் கிடைத்தது. பின்னையதில் தேர்ந்தவருக்குப் புலவர் என்ற பெயர் கிடைத்தது. இரண்டு வாயில்களிலும் ஒருவரே நுழைவது அருமை. மயில்வாகனனார் இரண்டிலும் நுழைந்தார்.

தாம் கற்ற புனித மிக்கேல் கல்லூரியிலேயே சிறிது காலம் ஆசிரியராக இருந்தபின், 1911ஆம் ஆண்டிலே கொழும்பு சென்று ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றார். பகலில் ஆங்கிலவழிப் பயிற்சி. ஓய்வு நேரத்தில் தென்கோவைப் பண்டிதர் கந்தையாபிள்ளையிடம் பழந்தமிழ் நூற்பயிற்சி. 1915இல் மீண்டும் கொழும்புக்கு வந்து அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1916இல், அவர் எழுதிய இரண்டு பரீட்சைகளை ஒருங்கு வைத்துப் பார்த்தல் தகும். அவ்வாண்டு விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார்; அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஓராண்டின் ஒரே மேசையிலே இரசாயன நூலும் தொல்காப்பியமும் திறந்து கிடந்தன என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். அவ்விளைஞருக்கு இவை இரண்டும் ஒன்றையொன்று தள்ளும் நூல்களாகத் தோன்றியிருப்பின், ஒன்றையேனும் கைவிட்டிருப்பார்.

யாழ்ப்பாணத்திலே

1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராக அவர் அமர்ந்தார். அங்கிருந்த காலத்திலேயே லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றுக்கொண்டார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்றார்.

யாழ்ப்பாணம் என்னும் பெயரிலேயே ஒரு யாழ் இருக்கின்றது. யாழிசைத்த பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலம் அது என்று மரபு கூறும். அவ்வூரிலே அன்று யாழை வாசிப்பார் எவருமிலர். கண்ணாற் கண்டாரும் இலர். பெயர் நின்றது, பொருள் மறைந்தது. அத்தகைய ஊரிலே மாணவருக்கு விஞ்ஞானம் போதித்துக் கொண்டிருந்த ஆசிரியரே, பிற்காலத்தில் அப்பெயருக்குரிய பொருளைத் தேடிப் புறப்பட்டவர்.

விஞ்ஞான ஆசிரியராக இருந்துகொண்டே தமிழ்க் கல்விக்கும் வடமொழிக் கல்விக்கும் ஒழுங்கான பரீட்சைகள் வேண்டுமென அவர் உழைத்தார். 1921இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். படிப்படியாகப் பயின்று பண்டிதராவதற்குரிய பரீட்சைகளை அச்சங்கம் நடத்தியது. பாடத்திட்டம், படிமுறை, தேர்வு என்ற ஆங்கிலக் கல்லூரியின் ஒழுங்கு தமிழ்க் கல்விக்கும் கிடைத்தது. விஞ்ஞானங் கற்ற ஒருவர் தமிழுக்குச் செய்யக்கூடிய தொண்டு வெறும் புகழ்மொழி அன்று, முறையைக் கொண்டுவந்து சேர்ப்பதே என்பதற்கு இது முதற் சான்று.

துறவும் கல்விப் பணியும்

சென்னை இராமகிருஷ்ண மடத்தின் தலைவராயிருந்த சுவாமி சர்வானந்தரின் தொடர்பு அவர் உள்ளத்தை வேறொரு வழியில் ஈர்த்தது. 1922இல் அதிபர் பதவியைத் துறந்து சென்னை மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பயிற்சி பெற்ற காலத்தில் மடத்தின் இதழாகிய இராமகிருஷ்ண விஜயத்தின் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1924ஆம் ஆண்டுச் சித்திரா பூரணையிலே சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார்.

அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகத்தைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரை விரிந்து, 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாக வெளிவந்தது. சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து அவற்றின் அமைப்பை ஆராய்ந்து, வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தோடும், சிலப்பதிகாரத்திலும் அதன் உரையிலும் சிதறிக்கிடக்கும் தமிழ்க் கூத்திலக்கணத்தோடும் அந்நூல் பொருத்திக் காட்டுகின்றது. நாடகத்தைச் சுவைத்து மகிழ்வதோடு அவர் அமையவில்லை. அதன் உறுப்புக்கள் யாவை, அவை எவ்வாறு இயைகின்றன, ஒரு மொழியின் நாடகத்திற் கண்ட விதி பிறிதொரு மொழியின் நாடகத்திற்கும் பொருந்துமா என்று ஆராய்ந்தார். பகுத்தல், ஒப்பிடல், விதி காணல் ஆகிய இம்மூன்றும் ஆய்வுகூடத்திலே பழகிய கைகளின் பழக்கமல்லவா?

1925இல் இலங்கைக்கு மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் மட்டக்களப்பின் பல கிராமப் பாடசாலைகளும் அவர் கண்காணிப்பில் வளர்ந்தன. 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. வாவிக் கரையை அடுத்த அவ்விடத்தை அவர் தம் உள்ளத்துக்கு உகந்த இடமாகக் கொண்டார். நிலவெறிக்கும் இரவுகளில் மட்டக்களப்பு வாவியின் நீருக்கடியிலிருந்து எழும் மெல்லோசையை மக்கள் பாடும் மீனின் இசை என்பர். அவ்வோசையை அடிகளாரும் கேட்டார். நீரர மகளிர் என்னுங் கவிதையாக அது அவரிடம் உருப்பெற்றது. பின்னாளிலே இசையாராய்ச்சி நூலொன்றின் முகப்பிலே அக்கவிதைக்கு இடமளித்தார். கணக்குகள் நிறைந்த ஒரு நூலின் வாயிலில் ஒரு கவிதையை நிறுத்துவதற்கு அவர் தயங்கவில்லை.

சொல்லாக்கப் பணி

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஒருவர் தமிழ்ப் பேராசிரியர் ஆசனத்தில் அமர்ந்தமை அக்காலத்தில் புதுமையே. சில ஆண்டுகளில் அப்பதவியை விட்டு நீங்கினாராயினும், அவர் வாழ்வின் இரு பெரும் பணிகளுக்கு அத்தமிழகத் தொடர்பே வழிகோலியது. அவற்றுள் ஒன்று சொல்லாக்கம்.

விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்க வேண்டுமென்று அக்காலத்திற் பலர் விரும்பினர். எந்தச் சொற்களால் கற்பிப்பது என்னும் இடத்திலே அவர்கள் பிரிந்தனர். ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்வோம் என்றனர் சிலர். வடமொழியிலிருந்து ஆக்குவோம் என்றனர் வேறு சிலர். தமிழ் வேரிலிருந்தே ஆக்கல் வேண்டும் என்றனர் மற்றையோர். 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். துறைதோறும் அறிஞர் குழுக்கள் அமர்ந்து சொற்களை ஆராய்ந்தன. அம்முயற்சியின் பயனாக, ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்களைக் கொண்ட தொகுதியைச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்டது.

சொல் ஒன்றை ஆக்குவோனுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். பொருளின் இயல்பு தெரிந்திருத்தல் ஒன்று. மொழியின் இயல்பு தெரிந்திருத்தல் மற்றொன்று. இரசாயனம் மட்டும் அறிந்தவன் ஆக்குஞ் சொல் வாயில் நுழையாது. இலக்கணம் மட்டும் அறிந்தவன் ஆக்குஞ் சொல் பொருளைத் தொடாது. இரண்டும் ஒருவரிடத்தே அமைந்திருந்தமையாலேயே அக்குழுவினர் அடிகளாரைத் தலைவராகக் கொண்டனர்.

இவ்விடத்தே ஒரு சொல்லை நாம் சற்று நின்று நோக்குதல் நன்று. விஞ்ஞானத்துக்கு வேண்டிய இச்சொற்களைத் தமிழர் கலைச்சொற்கள் என்றே வழங்கினர். இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர். எல்லா அறிவும் பயிலும் இடம் பல்கலைக்கழகம் எனப்பட்டது. தமிழ் வழக்கிலே கலை என்பது பாட்டையும் கூத்தையும் மாத்திரம் குறித்த சொல்லன்று. பயின்று கைவரப்பெறும் எல்லா அறிவையும் குறித்தது. கலையென்றும் விஞ்ஞானமென்றும் வேலியிட்டது மொழியன்று, பாடசாலையின் நேரசூசியே.

அடிகளார் மறைந்தபின், 1950களிலும் 1960களிலும், இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கப்படலாயிற்று. அதற்கெனச் சொற்றொகுதிகள் இங்கே தனியே ஆக்கப்பட்டன. தமிழகத்து வழக்கும் ஈழத்து வழக்கும் சில இடங்களில் வேறுபட்டன. ஆயினும் தமிழில் விஞ்ஞானங் கற்பித்தல் இயலுமா என்ற ஐயம் அதற்கு முன்பே அகன்றிருந்தது. அதனை அகற்றியவர்களுள் அடிகளார் முன்னின்றவர்.

மறைந்த கருவியைத் தேடி

மற்றைய பணி யாழாராய்ச்சி. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அதில் அவர் உழைத்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்திய காலத்திலும் அச்சிந்தனை அவரை விட்டு நீங்கவில்லை.

ஆராய்ச்சிக்கு அவர் கையிலிருந்தவை யாவை? கருவி இல்லை. அதனை வாசிக்கும் கலைஞர் பரம்பரை இல்லை. பாணர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. எஞ்சியவை சொற்களே. பெரும்பாணாற்றுப்படையிலே, குமிழ மரக்கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி ஆயன் ஒருவன் செய்துகொள்ளும் வில்யாழைப் பற்றிய குறிப்பு உண்டு. பொருநராற்றுப்படையிலே யாழின் பத்தரும் போர்வைத் தோலும் ஆணியும் கோடும் வருணிக்கப்படுகின்றன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும், அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் நரம்புகளின் எண்ணிக்கையையும் சுரங்களின் உறவையும் கூறுகின்றன. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பது உரைவழி வந்த கணக்கு.

இப்பகுதிகளைப் புலவர் பலர் அடிகளாருக்கு முன்னரே படித்திருந்தனர். சொல்லுக்குச் சொல் பொருளும் கூறியிருந்தனர். ஆயினும் அப்பொருள் செவிக்கு எட்டவில்லை. நரம்புக்கு இத்தனை அலகு என்று உரை கூறினால், அவ்வலகு எவ்வளவு என்று புலவர் கேட்டாரல்லர். இசைவல்லார் பலருக்கோ அவ்வுரையைப் படித்துணரும் தமிழ்ப் பயிற்சி இருக்கவில்லை. நூல் ஒரு கரையிலும் இசை மறுகரையிலும் நின்றன. அடிகளார் இடையே இட்ட பாலம் பௌதிகமாகும்.

நரம்பும் எண்ணும்

அவர் கைக்கொண்ட அடிப்படையை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். 36 அங்குல நீளமுள்ள ஒரு நரம்பை இழுத்துக் கட்டி மீட்டுவோம். அதில் எழும் ஒலியைக் குரல் என்று கொள்வோம். அந்நரம்பைச் சரிபாதியில், 18 அங்குலத்தில் தடுத்து மீட்டினால், அதே குரல் மேல் நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காகிய 24 அங்குலத்தில் மீட்டினால் ஐந்தாம் நரம்பாகிய இளி ஒலிக்கும். நான்கில் மூன்று பங்காகிய 27 அங்குலத்தில் மீட்டினால் நான்காம் நரம்பாகிய உழை ஒலிக்கும். ஐந்தாம் நரம்பைப் பழந்தமிழ் இசைநூலார் கிளை என்றனர். நான்காம் நரம்பை நட்பு என்றனர். காதுக்கு உறவாக ஒலிப்பவை கணக்கிலும் எளிய பின்னங்களாகவே அமைகின்றன.

இங்கேதான் அடிகளாரின் முறையின் உயிர்நிலை இருக்கின்றது. பாணர் பரம்பரை அழியலாம், ஏடுகள் செல்லரிக்கலாம், நரம்பின் இயல்போ மாறுவதில்லை. இளங்கோவடிகள் காலத்து நரம்பு எந்த விதிக்கு அடங்கி ஒலித்ததோ அதே விதிக்கு அடங்கியே இன்றைய நரம்பும் ஒலிக்கின்றது. இலக்கியம் விட்டுவைத்த சில சொற்களையும் இயற்கை காத்துவைத்த அவ்விதியையும் ஒன்று சேர்த்தால், மறைந்த இசையின் கட்டமைப்பை ஓரளவுக்கேனும் திரும்ப எழுப்பலாம். இதுவே அவர் துணிபு.

வேலை எளிதன்று. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகளை உரையாசிரியர் வகுத்துள்ளார். கூட்டினால் 22 ஆகும். இவ்விருபத்திரண்டும் சம அளவினவா, அன்றி வேறுபட்டனவா? கிளை உறவாகவே சென்று சுரங்களைப் பிறப்பித்தால் வேறொரு சிக்கலும் எழுகின்றது. ஒரு சுரத்தின் அதிர்வை ஒன்றெனக் கொண்டால் அதன் கிளை ஒன்றரை. இவ்வாறு பன்னிரண்டு முறை ஒன்றரையாற் பெருக்கிச் சென்றால் ஏறத்தாழ 129.75 வரும். தொடங்கிய சுரத்தையே ஏழு முறை இரட்டித்தால் வருவது 128. இரண்டும் ஒன்றாக வேண்டியவை, ஆயினும் ஒன்றாவதில்லை. இந்தச் சிறு மிச்சம் கிரேக்க நாட்டுப் பிதாகரசின் வழிவந்தோரையும் அலைத்தது. நம் நாட்டு இசைநூலாரையும் அலைத்தது. 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 24 அலகுகள் என்ற கொள்கையை நிறுவ முயன்றார். அடிகளார் 22 அலகுகளையே அடிப்படையாகக் கொண்டு, அவற்றின் அளவுகளைப் பின்னங்களாகக் கணித்து, பாலைகளும் பண்களும் அவற்றினின்றும் பிறக்கும் முறையைக் காட்ட முற்பட்டார்.

அவருடைய முடிபுகள் எல்லாவற்றையும் பின்வந்த இசையறிஞர் ஏற்றுக்கொண்டாரல்லர். பழைய சுரப் பெயர்கள் இன்றைய எந்தச் சுரங்களைக் குறிக்கின்றன என்பதிலே மாறுபட்ட கருத்துக்கள் எழுந்தன; இன்றும் உள்ளன. இதனால் அடிகளாரின் பெருமை குறைந்துவிடவில்லை. தாம் கண்ட முடிபை மாத்திரம் கூறி நம்புமாறு அவர் கேட்கவில்லை. அம்முடிபுக்கு வந்த வழியையும் கணக்கையும் படிப்படியாக எழுதி வைத்தார். அதனாலேயே பின்வந்தோர் அவரோடு வாதிட முடிந்தது. புகழ்ந்து கூறப்பட்ட கருத்தை மறுக்கவும் இயலாது, வளர்க்கவும் இயலாது. கணித்துக் கூறப்பட்ட கருத்தைச் சோதிக்கலாம், திருத்தலாம், அதன்மேற் கட்டலாம். தமிழ் ஆராய்ச்சிக்கு விஞ்ஞானம் தந்த கொடை இதுவே.

அரங்கேற்றமும் மறைவும்

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் நியமனம் பெற்றார். கற்பித்தலுக்கும் கல்விக் குழுக்களுக்கும் இடையே யாழ் நூலும் நிறைவு பெற்றது. பாயிரவியல் தொடக்கம் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களைக் கொண்ட அந்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் 6ஆம் நாட்களில், தஞ்சை நாட்டிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே புலவரும் இசைவல்லாரும் கூடியிருந்த பேரவையில் அரங்கேற்றம் நடைபெற்றது. ஆராய்ச்சியின் வழி அமைத்த கருவிகள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன. நூல் ஒன்றை அரங்கேற்றுதல் தமிழரின் பழைய மரபு. கணக்கும் அளவும் நிறைந்த ஓர் ஆராய்ச்சி நூல் அவ்வாறு கோயில் மண்டபத்தில் அரங்கேறியமை அம்மரபுக்கே புதிய பெருமை.

அதன்பின் அடிகளார் வாழ்ந்தது ஆறு கிழமைகளே. அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே அவர் மறைந்தார். அவருடைய திருவுடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

அடிகளார் நமக்கு விட்டுச்சென்ற வினா

அடிகளாரின் பெயரால் நாம் விழா எடுக்கின்றோம், சிலைகள் நிறுவியுள்ளோம். கல்லடியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி இசையும் நடனமும் நாடகமும் கற்பிக்கின்றது. மிகப் பொருத்தமான நினைவு அது. ஆயினும் ஒரு பௌதிக ஆய்வுகூடத்துக்கும் அப்பெயர் அதே அளவு பொருந்தும் என்பது நம்மவரில் எத்தனை பேருக்குத் தோன்றுகின்றது?

யாழ் நூலின் இன்றைய நிலையை நோக்குக. அந்நூலைப் பெயரளவில் அறியாத தமிழாசிரியர் இலர். முழுவதும் படித்தோர் எத்தனை பேர்? தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற மாணவன் நூலைத் திறந்து, பின்னங்களும் அட்டவணைகளும் வரும் பக்கத்திலே மூடிவிடுகின்றான். பௌதிகங் கற்ற மாணவனோ அக்கணக்குகளை எளிதில் விளங்கக்கூடியவன். ஆனால் அரங்கேற்று காதையின் முதலடியிலேயே தடுமாறுகின்றான். அந்நூலை வாசிப்பதற்கு இரண்டு கல்வியும் பெற்ற ஒருவன் வேண்டும். அவனை உண்டாக்கும் பாடசாலையை நாம் அமைக்கவில்லை. நம் நாட்டின் தலைசிறந்த அறிவாளி ஒருவர் எழுதிய நூலுக்கு வாசகர் இல்லாத வண்ணம் நம் கல்வியையே பிரித்து வைத்திருக்கின்றோம் என்றால், அது அந்நூலுக்கு மாத்திரம் நேர்ந்த இழப்பன்று.

உயர்தர வகுப்பின் வாயிலிலே பதினாறு வயது மாணவன் ஒருவன் நிற்கின்றான். கலையா, விஞ்ஞானமா, வர்த்தகமா என்று வினாவப்படுகின்றான். 2013இல் தொழினுட்பப் பிரிவும் இவற்றோடு சேர்ந்தது. புள்ளி மிகுந்தவன் விஞ்ஞானத்துக்குச் செல்கின்றான். அவன் எழுதிய கவிதைகள் அலுமாரிக்குள் போகின்றன. கலைப்பிரிவுக்குச் சென்றவனோ கணிதம் தனக்கு உரியதன்று என்று முடிவு கட்டிவிடுகின்றான். அடிகளாருக்குப் பதினாறு வயதில் இவ்வினா எழுப்பப்பட்டிருந்தால், நமக்கு ஓர் இரசாயன ஆசிரியர் கிடைத்திருப்பார். அல்லது ஒரு பண்டிதர் கிடைத்திருப்பார். யாழ் நூல் கிடைத்திராது.

விஞ்ஞான வகுப்பிலே கலையைச் சேர்ப்பதென்றால் பாடத்தின் ஓரத்திற் சித்திரம் வரைவதோ, விழா நாளில் விஞ்ஞானப் பாட்டு ஒன்று பாடுவதோ போதும் என்று எண்ணுவோர் உளர். அடிகளாரின் வாழ்வு அதனைக் காட்டவில்லை. தாம் நேசித்த ஒரு கலையிலே விடை காணப்படாத ஒரு வினாவை எடுத்து, அதற்கு விடை காணுமளவும் விஞ்ஞானத்தை விடாது பற்றினார். நேசம் வினாவைத் தந்தது; அளவை விடைக்கு வழிகாட்டியது. அழகுணர்ச்சி இல்லாத மாணவனுக்கு அவ்வினாவே தோன்றாது. அளக்கத் தெரியாத மாணவனுக்கு அது பெருமூச்சாகவே நின்றுவிடும்.

இதனை எங்கே தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியர்களுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு பலகை, இரண்டு ஆணி, இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, ஓர் அடிமட்டம் போதும். பௌதிக ஆசிரியரும் தமிழாசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரு பாடவேளைக்கு ஒரே வகுப்பில் நிற்கட்டும். கம்பியை முதலில் முழுமையாகவும், பின்னர் பாதியிலும், மூன்றில் இரண்டிலும், நான்கில் மூன்றிலும் மாணவர் மீட்டிக் கேட்கட்டும். கேட்டவற்றுக்குக் குரல் என்றும் இளி என்றும் உழை என்றும் பெயர் சொல்லப்படட்டும். அதன்பின் அரங்கேற்று காதையைத் திறந்தால், அதிலுள்ள சொற்கள் அவர்களுக்கு ஓசையோடு விளங்கும்.